அந்தோனியார் வெளியே வந்த வாசல்

வெள்ளிக்கிழமை காலை கிறகரியின் இடுப்பு வேலைநிறுத்தம் செய்தது. அது லேசுப்பட்ட இடுப்பல்ல. டோர்வல் விமான நிலையத்தில் இருபத்தாறு வருடமாக ஊரார் பெட்டிகளைத் தூக்கி எறிந்த இடுப்பு. இரும்புச் சட்டி, சவர்க்காரம், குழந்தைப்பிள்ளைச் சைக்கிள் என்று சனம் ஊருக்கு அடைத்துக்கொண்டு போன அவ்வளவு பாரத்தையும் பொறுத்தது, அன்றைக்கு நிமிரவும் மாட்டேன் குனியவும் மாட்டேன் என்று பாதியில் நின்றுவிட்டது. கிறகரி கோயில் வாசலில் ஒரு கையைச் சுவரிலும் மறு கையை முதுகிலும் ஊன்றிக்கொண்டு வாயில் வரக்கூடாத சொல் ஒன்றைச் சொன்னார். நிற்கிற இடம் பிறகுதான் நினைவுக்கு வந்தது. அவசரமாகச் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டார்.

"என்னப்பா, இடுப்போ?" என்றார் மனைவி திரேசம்மா. பீடத்தில் பூ வைத்துக்கொண்டிருந்தவர் திரும்பியும் பார்க்கவில்லை.

"இடுப்புக் கிடக்கட்டும். கூடெல்லோ இறுகிப் போச்சு."

அப்போதுதான் திரேசம்மா திரும்பினார்.

கூடு என்பது அந்தோனியார் சொரூபத்தை வைத்துத் தோளில் காவிச் செல்லும் மரக் கோபுரம். இந்தக் கூட்டுக்கு நாலு பக்கமும் தூண், மேலே குமிழ் வைத்த முடி, சுற்றிவரச் சரிகைத் தாள், மின்விளக்கு. ஞாயிற்றுக்கிழமை திருவிழா. அதற்கு வெள்ளோட்டம் பார்க்கவென்று ஆறு பேராகச் சேர்ந்து, அடியில் சில்லுப்பலகை வைத்து, கோயிலின் பின்மூலையிலிருந்து வாசல்வரைக்கும் உருட்டி வந்தார்கள். வாசலில் இரண்டு பக்கமும் செங்கல் சுவர். கூடு அந்த இரண்டுக்கும் நடுவில் வந்து நின்றது. தள்ளிப் பார்த்தார்கள். ஒரு பக்கம் சுவர் தட்டியது. மற்றப் பக்கம் சரித்துப் பார்த்தார்கள். அந்தப் பக்கமும் தட்டியது. கிறகரி முதுகைக் கொடுத்து ஒரு தள்ளுத் தள்ளினார். கூடு அசையவில்லை, இடுப்புத்தான் அசைந்தது.

"நாலு விரல் காணாது அண்ணை," என்றார் உருத்திரமூர்த்தி, கையை மடித்து அளந்துபார்த்துவிட்டு. சமையலறை அலுமாரி பூட்டுகிற வேலை அவருக்கு. சைவக்காரர். கிறகரியோடு ஒரே மாடிக்கட்டடத்தில் இருக்கிறார், கூட்டுக்கு மரம் அறுத்ததில் பாதி அவருடைய வாள்தான். "நான் ஒண்டு கேக்கட்டோ? கோவிக்கப்படாது. ஆராவது மூலஸ்தானத்துக்குள்ள இருந்து தேர் கட்டுவினமோ? எங்கட ஆக்கள் எண்டால் வெளியில கொட்டில் போட்டுத்தான் கட்டுவினம்."

"மைனஸ் முப்பதில கொட்டில் போட்டு ஆர் கட்டுறது? உம்மட பிள்ளையாரோ?"

"எங்களுக்கும் அதே மைனஸ் முப்பதுதான் அண்ணை. சைவக்காரருக்கெண்டு தனிக் குளிர் விடுறேல்லை."

உண்மையில் கிறகரி வாசலை அளக்காமல் தொடங்கவில்லை. தை மாதமே அளந்தார். இரண்டு பக்கமும் ஒரு சாண் இடம் விட்டுத்தான் அடிப்பலகை போட்டார். பிழை அளவில் இல்லை, சனத்தில். கோயில் மூலையில் கூடு கட்டுகிறார்கள் என்று கதை பரவியதும் நேர்த்திக்கடன்காரர் ஒவ்வொருவராக வந்துசேர்ந்தார்கள். முழங்கால் ஒப்பரேசன் சுகப்பட்டதென்று புஷ்பவதி ஒரு சம்மனசு செய்வித்துக் கொண்டுவந்தார். செட்டை விரித்த பெரிய வானதூதர், இடப்பக்கத் தூணில் பூட்டவேண்டும் என்றார். ஒரு பக்கம் மட்டும் சம்மனசு நின்றால் கூடு சரிந்தமாதிரித் தெரியும் என்று வலப்பக்கத்துக்கு இன்னொன்று. மகனுக்கு நகரசபையில் வேலை கிடைத்ததென்று யோகராணி விளக்குத் தூண் இரண்டு தந்தார். அவர் வாரம் தவறாமல் முருகன் கோயிலுக்குப் போகிறவர், ஆனால் வேலை விஷயம் அந்தோனியாரிடம் சொன்னால்தான் நடக்கும் என்பது அவருடைய அனுபவம். விளக்குத் தூண் நிற்கப் பலகை நீட்டவேண்டிவந்தது. நீட்டிய பலகையைத் தாங்க வளைவு வைக்கவேண்டிவந்தது. நேர்த்தி என்று வந்தவரை வேண்டாம் என்று சொல்ல எந்தக் கத்தோலிக்கனுக்கு வாய் வரும்? சித்திரை முடிய, கூடு பிள்ளைத்தாச்சி மாதிரி இரண்டு பக்கமும் பெருத்துப்போயிருந்தது. ஒருவரும் வாசலைத் திரும்பிப் பார்க்கவில்லை.

"சம்மனசின்ர செட்டையை மட்டும் கொஞ்சம் அறுத்தால்?" என்று உருத்திரமூர்த்தி மெல்லக் கேட்டார்.

முன் வாங்கில் செபமாலை உருட்டிக்கொண்டிருந்த புஷ்பவதிக்கு அதுமட்டும் நல்ல வடிவாகக் கேட்டது. "அறுங்கோ. பேந்து என்ர முழங்கால் மடங்காட்டி நீங்களோ வந்து என்னைக் காவுறது? மூண்டாம் மாடி, லிப்ட்டும் இல்லை."

வலப்பக்கச் சம்மனசை அறுக்கலாம் என்றால், தன் சம்மனசின் செட்டையைப் பார்த்துத்தான் அந்தச் செட்டையையும் அளவாக வைத்ததால் அதிலும் தனக்குப் பங்கு இருக்கிறது என்றார் புஷ்பவதி. விளக்குத் தூணைக் கழற்றலாம் என்றால் யோகராணிக்கு ஆர் சொல்வது? அவருடைய மகன் இன்னும் தற்காலிக வேலையில்தான் இருக்கிறான்.

சுவாமியாருக்குத் தொலைபேசி எடுத்தார்கள். அவர் ஒரு நிமிடம் யோசித்துவிட்டு, சொரூபத்தைக் கையில் தூக்கிக்கொண்டு சுற்றிவந்தாலும் அதே ஆசீர்தான் என்றார்.

"கையில தூக்கிக்கொண்டோ?" என்றார் திரேசம்மா, தொலைபேசியை வைத்த பிறகு. "அந்தோனியார் என்ன, டெப்பனர் கடைக்குப் பால் வாங்கவோ போறார்?"

கிறகரிக்குத்தான் இதில் தப்ப வழி இல்லை. மற்றவர்களின் நேர்த்தியெல்லாம் சம்மனசும் விளக்கும். இந்தக் கூடே அவருடைய நேர்த்தி.

இரண்டு வருடத்துக்கு முந்திய கதை அது. பிரெஞ்சுக்காரர் கட்டிய இந்தப் பழைய செங்கல் கோயிலைச் சூடாக்கக் கட்டுப்படியாகாது, விற்றுவிடலாம் என்று மேலிடத்தில் பேச்சு அடிபட்டது. வாங்கி இடித்து மாடிவீடு கட்ட ஒரு கொம்பனி வாயூறிக்கொண்டு நின்றது. அக்கம்பக்கத்துப் பிரெஞ்சுக் கிழவிகளும் இத்தாலியரும் சேர்ந்து மரபுரிமைக் குழு ஒன்று தொடங்கினார்கள். தமிழ்ச்சனமும் போய்ச் சேர்ந்தது. போகாமல்? பன்னிரண்டு வருடமாகத் தமிழ்ப் பூசை நடக்கிற ஒரே இடம். அன்றைக்குக் கிறகரி அந்தோனியார் முன்னால் முழங்காலில் நின்று, எல்லாருக்கும் கேட்கச் சொன்னார்: "இந்தக் கோயில் தப்பினால் உம்மைப் புதுக்கூட்டில வைச்சு, இந்தக் கோயிலைச் சுத்தி வலம் கொண்டுவருவன்."

சொன்னதோடு விடவில்லை. நகரமண்டபத்தில் கூட்டம் வைத்தபோது எழும்பிப் பேசினார். அவர் தமிழில் பேச, மகள் றெபேக்கா பிரெஞ்சில் சொன்னாள். வாசலின் இடப்பக்கச் சுவரில், இரண்டு கல்லுக்கு நடுவில் இருக்கும் சாந்தில் ஒரு பெருவிரல் அடையாளம் பதிந்திருக்கிறது. வேலை முடிந்து வரும்போதெல்லாம் கிறகரி அந்தச் சுவரில்தான் சாய்ந்து நிற்பார். அந்த விரலைப் பற்றித்தான் பேசினார். "நூறு வருசத்துக்கு முதல் ஒரு கூலிக்காரன் வைச்ச விரல் அது. அவனுக்கு அண்டைக்கு மத்தியானம் சாப்பாடு இருந்ததோ, கையுறை இருந்ததோ, எனக்குத் தெரியாது. அவன்ர பேர் ஒரு கல்லிலயும் இல்லை. விரல் மட்டும்தான் இருக்கு. அந்தச் சுவரில ஒரு கல்லையும் தொடாதேங்கோ." கிழவிகள் கண்ணைத் துடைத்தார்கள். ஒரு பத்திரிகைக்காரன் வந்து விரலைப் படம் எடுத்துக்கொண்டு போனான்.

கோயில் தப்பியது. மரபுரிமைச் சின்னம் என்று பலகை நட்டார்கள். கல்லை யாராவது தொட்டால் உடனே அறிவிக்கவும் என்று அதன் கீழ் ஒரு தொலைபேசி எண். அன்றிலிருந்து பூசைக்கு வருகிற தமிழ்ச்சனம் தீர்த்தத் தொட்டியில் கை வைக்க முந்தி அந்த விரலைத்தான் தொட்டு, கையை உதட்டில் வைத்து முத்துகிறது. யாரோ மெழுகுதிரிகூடக் கொளுத்தப் பார்த்தார்கள். கரி பிடிக்கும் என்று கிறகரி துரத்திவிட்டார்.

இப்போது அதே சுவர் அந்தோனியாரை மறித்துக்கொண்டு நிற்கிறது.

உருத்திரமூர்த்தி தன் வான் வண்டிக்குப் போய் உளியும் சுத்தியலும் கொண்டுவந்தார். "நாலு விரல்தானே அண்ணை. இடப்பக்கம் ஒரு வரிசைக் கல்லைக் கழட்டுவம். திருவிழா முடியத் திருப்பி வைப்பம். ஆர் பாக்கிறது?"

"வையும் உளியைக் கீழ!" கிறகரி போட்ட சத்தத்தில் இடுப்பு இன்னொருமுறை பிடித்தது. "இது ஆரின்ர சுவர் எண்டு தெரியுமோ? நகரமண்டபத்தில போய் ஒரு கல்லையும் தொடாதேங்கோ எண்டு நெஞ்சில அடிச்சவன் நான். நானே நிண்டு உடைப்பிச்சன் எண்டால் எனக்கு என்ன முகம் இருக்கும்?"

"அப்ப அந்தோனியார் உள்ள இருக்கட்டும். நாங்கள் வெளியில சுத்துவம். அவர் யன்னலால பாக்கட்டும்."

யார் பார்க்கிறது என்று உருத்திரமூர்த்தி கேட்டதற்குப் பதில் எதிர்வீட்டுப் பல்கனியில் இருந்தது. மரபுரிமைக் குழுவில் முன்வரிசையில் நின்ற பிரெஞ்சுக் கிழவி ஒருவர் உளியைக் கண்ட உடனேயே பலகையில் இருந்த எண்ணுக்கு அழைத்துவிட்டார். சனத்தை அப்படிப் பழக்கியதே கிறகரிதான்.

அரைமணி கழியவில்லை. நோத்ர-டாம்-த-கிரேஸ் பகுதியிலிருந்து மதாம் எலிசா சைக்கிளில் வந்து இறங்கினார். பழைய கட்டடங்களைப் பார்வையிடுகிற அதிகாரி. இந்தக் கோயிலுக்குச் சின்னம் கொடுக்கலாம் என்று எழுதியவரும் அவர்தான். தலைக்கவசத்தைக் கழற்றாமலே படியேறினார். உருத்திரமூர்த்தி கண்ட உடனே உளியைத் திரேசம்மா பூ வைத்திருந்த வாளிக்குள் போட்டார். அது டங் என்றது.

"பொன்ஜூர்," என்றார் எலிசா, வாளியைப் பார்த்துக்கொண்டு.

குழந்தைகள் காப்பகத்தில் வேலைசெய்யும் றெபேக்கா அன்றைக்கு விடுப்பு எடுத்து வந்திருந்தது நல்லதாய்ப் போயிற்று. நடந்ததை அவள் பிரெஞ்சில் சொன்னாள். எலிசா சிரிக்கவில்லை, கோபிக்கவும் இல்லை. கூட்டைச் சுற்றிவந்தார். சம்மனசுகளைப் பார்த்தார். அடிப்பலகையை இத்தனை நல்லாகப் போட்டவர் யார் என்று கேட்டார். பிறகு வலப்பக்கச் சுவருக்குப் போய்க் கல்லைக் கையால் தடவிவிட்டு, தலையை ஆட்டினார்.

"இது தொடவே கூடாதாம் அப்பா. பழைய கல்லாம்."

"தெரியுந்தானே," என்றார் கிறகரி பெருமையாக.

எலிசா இடப்பக்கம் வந்தார். விரல் மடக்கித் தட்டினார். சட்டைப்பையிலிருந்து சின்னக் கத்தி ஒன்றை எடுத்து, அந்தப் பெருவிரல் அடையாளத்துக்குப் பக்கத்தில் சாந்தைச் சுரண்டினார். கிறகரிக்குத் தன் தோலைச் சுரண்டுவதுபோல் இருந்தது. எலிசா நிமிர்ந்து றெபேக்காவிடம் இரண்டு வசனம் சொன்னார். றெபேக்கா தகப்பனைப் பார்த்தாள்.

"சொல்லன் பிள்ளை."

"இந்தப் பக்கம் உடைக்கலாமாம்."

உருத்திரமூர்த்தி வாளிக்குள் கையை விட்டார்.

"ஏனாம்?" என்றார் கிறகரி.

"இது பழைய சுவர் இல்லையாம் அப்பா. எண்பதுகளில கட்டினதாம். ஏதோ லொறி, பனி அள்ளுற வண்டியா இருக்கும், வந்து இடிச்சிருக்காம். இதுக்கு மரபுரிமைப் பெறுமதி ஒண்டும் இல்லையாம்."

புஷ்பவதி தன் வலக்கை விரல்களைப் பார்த்தார். இரண்டு வருடமாகச் சுவரைத் தொட்டுத் தொட்டு முத்திய விரல்கள். சேலையில் துடைத்துக்கொண்டார்.

"பொய்!" என்றார் கிறகரி. "நூறு வருசத்துக்கு மேற்பட்ட கல்லு இது. சொல்லு அவவுக்கு."

"அப்பா, அவ இதைத்தானே படிச்சவ."

"அவ படிச்சவ. நான் பன்னிரண்டு வருசம் சாய்ஞ்சு நிண்டவன்."

எலிசா பொறுமையாகக் காட்டினார். பழைய சுவரில் சுண்ணாம்புச் சாந்து, நகத்தால் கீறினாலே உதிரும். இதில் சாம்பல்நிறச் சீமெந்து. பழைய கல் ஒன்றைப்போல் ஒன்று இல்லை, மூலை தேய்ந்திருக்கும், நிறமும் மாறும். இவை எல்லாம் ஒரே அச்சில் வந்தவை. மேலே வாசல் வளைவின் பாரம் உள்ளே இருக்கும் கருங்கல்லில் இறங்குகிறது, இந்தச் செங்கல் அதற்கு மேல் போட்ட சட்டைதான்.

"இல்லை," என்றார் கிறகரி. "சீமெந்து அந்தக் காலத்திலயும் இருந்திருக்கும். இது பெறுமதியான சுவர். ஒரு கல்லும் தொட விடமாட்டன்."

உருத்திரமூர்த்தி அவர் காதுக்குக் கிட்ட வந்தார். "அண்ணை, உங்கட வழக்கில அவ உங்கட பக்கம் தீர்ப்புச் சொல்லுறா. நீங்கள் நிண்டு எதிர்க்கட்சிக்கு வாதாடுறியள்."

"சும்மா இரும். இவவுக்கு உது அப்பவே தெரியுமெண்டால் நகரமண்டபத்தில நான் பேசேக்க ஏன் வாயைத் திறக்கேல்லை? கேள் பிள்ளை."

றெபேக்கா கேட்டாள். எலிசா முதல்முறையாகச் சிரித்தார்.

"ஒருத்தரும் கேக்கேல்லையாம். நீங்கள் பேசினது நல்லா இருந்ததாம், குழப்ப மனமில்லாமப் போச்சாம். மற்ற மூண்டு பக்கமும் உண்மையிலேயே பழசுதானாம், அதால சின்னம் குடுத்ததில பிழை இல்லையாம்."

கிறகரி விரல் அடையாளத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். பத்திரிகையில் வந்த விரல். கையுறை இல்லாத கூலிக்காரன் என்று அவர் சொல்லிச் சனம் அழுத விரல். எண்பதுகளில் என்றால், அதே காலத்தில்தான் அவரும் இந்த ஊரில் வந்திறங்கிச் சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவினார்.

திரேசம்மா பூவை வைத்துவிட்டு வந்தார். "இஞ்சாருங்கோ. அந்த விரலை வைச்சவன் செத்திருக்கவும் மாட்டான். பென்சன் எடுத்துக்கொண்டு எங்கயாவது வெயில் காய்ஞ்சுகொண்டு இருப்பான். அவனுக்காக அந்தோனியாரை உள்ள வைச்சுப் பூட்டப்போறியளோ? வாக்குக் குடுத்தது ஆருக்கு? அவருக்கோ, சுவருக்கோ?"

"எல்லாரும் சிரிப்பினம்."

"சிரிப்பினம்தான். நான் இப்பவே சிரிக்கிறன். அதுக்கு என்ன செய்ய?"

கிறகரி கையை நீட்டினார். உருத்திரமூர்த்தி உளியைக் கொடுத்தார். அதில் செவ்வந்தி இதழ் ஒன்று ஒட்டியிருந்தது.

உடைக்க முதல் எலிசா ஒரு நிபந்தனை சொன்னார். பனி விழ முந்தி இந்தச் சுவர் திரும்ப எழும்பவேண்டும். இந்த முறை சீமெந்தில் அல்ல, பழைய கட்டடம் எதிலாவது இருந்து எடுத்த செங்கல்லில், சுண்ணாம்புச் சாந்தில். எண்பதுகளில் கட்டியவன் விட்ட பிழையை இரண்டாம் தரமும் விடக் கூடாது. யார் கட்டித்தருவது என்று அவர் கேட்டபோது, கூடு தள்ள வந்த ஆறு பேரும் கூட்டின் சரிகைத் தாளை உற்றுப் பார்க்கத் தொடங்கினார்கள்.

"நான் கட்டித்தாறன்," என்றார் கிறகரி. "சொல்லு அவவுக்கு. கிறகரி வாக்கு."

குனிய முடியாததால் மேலிருந்து தொடங்கினார். முதல் கல்லை வேறொருவரும் தொட விடவில்லை. சீமெந்து கல்லைவிட இறுகியிருந்தது. சாந்து அசையவில்லை, கல்தான் துண்டு துண்டாகப் போனது. "நல்ல கலவைதான் போட்டிருக்கிறான், கோதாரியில போவான்," என்றார் எரிச்சலோடு. விரல் இருந்த இடம் நாலாவது அடியில் தூளாகி அவருடைய சப்பாத்தில் கொட்டியது. அதன் பிறகு உருத்திரமூர்த்தி உளியை வாங்கிக்கொண்டார். எலிசா கடைசிக் கல்வரைக்கும் நின்றார். திரேசம்மா அவருக்கு றோல்ஸும் தேத்தண்ணியும் கொடுத்தார். இரண்டாவது றோல்ஸுக்கு அவர் கேட்காமலே கை நீட்டினார்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிய அந்தோனியார் வெளியே வந்தார். வலப்பக்கச் சம்மனசுக்கும் பழைய சுவருக்கும் நடுவில் ஒரு விரல் போகிற இடம்தான் இருந்தது. புஷ்பவதி இடப்பக்கச் செட்டையோடு ஒட்டிக்கொண்டு, "மெல்ல, மெல்ல" என்று சத்தம் போட்டபடி வந்தார். முழங்கால் நல்லாகத்தான் மடங்கியது. கிறகரிக்குத் தோள் கொடுக்க முடியவில்லை. முன்னால் மணி அடித்துக்கொண்டு நடந்தார். யோகராணியின் விளக்கு எரிந்தது. பல்கனியில் நின்று அதிகாரிக்கு அழைத்த கிழவி இப்போது அதே பல்கனியில் நின்று கை தட்டினார். கூடு கோயிலைச் சுற்றி முழுதாக ஒரு வலம் வந்து, போன வாசலாலேயே உள்ளே போனது. சனம் பழக்கதோஷத்தில் இடப்பக்கம் கையை நீட்டி, சுவர் இல்லாத இடத்தில் காற்றைத் தொட்டு முத்திக்கொண்டு போனது. கிறகரி கண்டும் காணாதமாதிரி இருந்தார்.

கோடை போனது. ஆடி, ஆவணியில் பயணிகள் கூட்டம், டோர்வலில் விடுப்பு இல்லை. புரட்டாதியில் உருத்திரமூர்த்திக்கு அடுத்தடுத்துச் சமையலறை வேலை. ஐப்பசியில் ஜான்-டலோன் சந்தைக்குப் பின்னால் ஒரு பழைய வெதுப்பகம் இடிக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுக் கிறகரி ஓடினார். கல்லெல்லாம் முதல்நாளே லொறியில் போய்விட்டது. புதுக் கல் வாங்கலாம் என்று திரேசம்மா சொன்னதற்கு, எலிசா கண்டுபிடித்துவிடுவா என்றார். வாசலின் அந்தப் பக்கத்தை ஒட்டுப்பலகையால் அடைத்து, மேலே நீலத் தார்ப்பாய்ப் படங்கு கட்டினார்கள். பூசை நேரத்தில் காற்றடித்தால், சுவாமியார் ஆண்டவர் உங்களோடு இருப்பாராக என்று சொல்லி முடிக்க முதல் படங்கு படபடவென்று பதில் சொல்லும்.

முதல் பனி அந்த வருடம் வழமையைவிட வெள்ளென விழுந்தது. மறுநாள் எலிசா வந்தார், இந்த முறை பேருந்தில். படங்கைத் தூக்கிப் பார்த்தார். உறைபனியில் சுண்ணாம்புச் சாந்து பிடிக்காது, இனி வைகாசியில்தான் கட்டலாம் என்று சொல்லச்சொன்னார். றெபேக்கா சொன்னாள்.

"ஓம், ஓம், வைகாசியில கட்டித்தாறன்," என்றார் கிறகரி.

அவர் வாக்கு வாக்குத்தான் என்பதில் கோயில் சனத்துக்குச் சந்தேகம் இல்லை. கல் எங்கே என்று மட்டும் கேட்கிறார்கள். அந்தோனியாருக்கு அவர் வைத்த நேர்த்தி ஆனியிலேயே தீர்ந்துவிட்டது. கோயிலுக்கு அவர் கொடுக்கவேண்டிய கடன் இன்னும் அப்படியே நிற்கிறது: வாசலின் இடப்பக்கம், ஆள் உயரத்துக்கு ஒரு செங்கல் சுவர்.